புதிய கடல்நீர் மீன்தொட்டியில் வெண்கலங்கலும் பழுப்புப் பாசியும்: என்ன செய்வது?

கேள்வி (நாகர்கோவில்)

அனைவருக்கும் வணக்கம். முதன்முறையாக வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைத்து இன்றோடு 19 நாட்கள் ஆகின்றன. தொட்டி 3 அடி நீளமும், அகலத்திலும் உயரத்திலும் ஒன்றேகால் அடியும் உடையது. மணல் போக ஏறத்தாழ 110 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. மணக்குடிப் பொழிமுகத்தில் கரையில் நின்றே கேன்களில் தண்ணீர் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அன்றைக்கே ஊற்றினேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருமணலை அடியில் பரப்பியிருக்கிறேன். தண்ணீர் தெளிந்தால் மறுநாளே மீன் விடலாம் என்று கடையில் சொன்னதை நம்பி, மூன்றாம் நாள் இரண்டு கோமாளி மீன்களை விட்டேன்.

பத்தாம் நாளிலிருந்து தண்ணீர் அரிசி கழுவிய நீரைப் போல வெளுத்துக் கிடக்கிறது. கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாகப் பொடி படிகிறது. விரலால் தேய்த்தால் போய்விடுகிறது, மறுநாள் மாலைக்குள் திரும்பவும் படிந்துவிடுகிறது. ஃபில்டர் பஞ்சைத் தினமும் குழாய்த் தண்ணீரில் அலசுகிறேன். ஆவியாகிக் குறையும் அளவுக்குப் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். பாசி மருந்து வாங்கி ஊற்றலாமா? நேற்றிலிருந்து மீன்கள் மேல்மட்டத்திலேயே நின்று மூச்சு வாங்குவது மனத்தை மிகவும் வருத்துகிறது.

பதில் (குளச்சல்)

தம்பி, பாசி மருந்தை இப்போது தொடவே வேண்டாம். முதலில் மீன்களின் மூச்சைப் பாருங்கள். பம்பின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பித் தண்ணீர் நன்றாக அலையடிக்கும்படி செய்யுங்கள். ஏர் பம்பு இருந்தால் அதையும் இரவு பகலாக ஓட விடுங்கள். பாக்டீரியா பெருகி வெளுத்த தண்ணீரில் ஆக்சிஜன் வேகமாகக் குறையும்; நம் ஊர் வெக்கையில் வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீரோ, இயல்பிலேயே குறைந்த ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்திருக்கும்.

அது எந்தக் கலங்கல் என்பதை நீங்களே அறியலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பின்னால் கறுப்புத் துணியை வைத்துப் பார்த்துவிட்டு, இரவு முழுவதும் அசைக்காமல் விடுங்கள். காலையில் அடியில் துகள் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மணல் தூசி. அப்படியே வெளுத்திருந்தால் பாக்டீரியா. உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். இப்படிக் கலங்கலாக்கும் பாக்டீரியா வேறு, தொட்டிக்குத் தேவையான நல்ல பாக்டீரியா வேறு. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும்; இவை தொட்டியில் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அவை குடியிருக்கும் இடம் ஃபில்டர் பஞ்சும் கல்லும் மணலும்தான். நீங்கள் அந்தப் பஞ்சைத் தினமும் குழாயில் அலசி, அன்றன்று வளர்ந்ததை அன்றன்றே போக்கிவிட்டீர்கள். கடல்நீரின் கார அளவு (pH) 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிக நஞ்சாகும். ஆகவே அம்மோனியா சோதனைக் குப்பி ஒன்றை இன்றே வாங்குங்கள். அம்மோனியா தெரிந்தால், உப்பளவும் வெப்பமும் பொருந்திய சுத்தமான கடல்நீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள்.

தண்ணீர் எடுத்த இடமும் தவறு. நாஞ்சில் நாட்டு வயல்களின் உரநீரைச் சுமந்துவரும் பழையாறு மணக்குடியில்தான் கடலில் கலக்கிறது. அந்த நீரில் உப்பு குறைவு, பாசிக்கு உணவு அதிகம். கடல் அமைதியாக இருக்கும் நாளில், வள்ளத்தில் போகிறவர்களிடம் கேனைக் கொடுத்து, கரையை விட்டு நன்கு விலகிய இடத்தில் பிடித்துவரச் சொல்லுங்கள். ஆனி, ஆடியில் மேற்குக் கரைக் கடல் கலங்கிக் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கொண்டுவந்த நீரை மூடிய டிரம்மில், வெளிச்சம் புகாமல், காற்றோட்டம் கொடுத்து இரண்டு வாரம் வைத்திருந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்து அடியில் தங்கிவிடும். மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

மணலையும் மாற்றத்தான் வேண்டும். வலுவான ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அந்த மணலில் உருட்டிப் பாருங்கள், கரிய மணிகள் மீசைபோல ஒட்டிக்கொள்ளும். அதில் இல்மனைட், கார்னெட், சிர்கான் ஆகிய கனிமங்களோடு, கதிர்வீச்சுள்ள தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. மணல் ஆலை அங்கே இயங்குவதே இவற்றுக்காகத்தான். வீட்டுக்குள் வைத்திருக்கத் தக்க மணல் அன்று அது. குழாய் வைத்து உறிஞ்சி, நான்கைந்து நாட்களில் சிறிது சிறிதாக வெளியேற்றிவிட்டு, கழுவிய சிப்பி மணலைப் பரப்புங்கள்.

பதில் (மார்த்தாண்டம்)

மேலே அண்ணன் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். பழுப்புப் பொடியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அது டயாட்டம் என்னும் பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. உங்கள் போர் தண்ணீரே அதற்குத் தேவையான சிலிக்காவை நாள்தோறும் ஊட்டிக்கொண்டிருக்கலாம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுசெய்ய வேண்டும். விளக்கை 6 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்; ஜன்னல் வெயில் விழுந்தால் திரை போடுங்கள். சிலிக்கா தீர்ந்ததும் டயாட்டம் தானே அடங்கும். சிவப்பாக, வழவழப்பான தோல்போல உரிந்து வருமானால் அது வேறு வகை. அப்போது மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தம்ளர் காலையிலும் வெளுத்தே இருந்தது. பம்பைத் திருப்பிய சில மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கிவிட்டன. கருவி வாங்கி அளந்ததில் உப்படர்த்தி (நன்னீரை 1 எனக் கொண்ட அடர்த்தி) 1.019 காட்டுகிறது. இதைச் சரிசெய்யப் புத்தளம் உப்பளத்து உப்பைக் கரைத்து ஊற்றலாமா? வீட்டுக்கு அருகில் கிடைக்கிறது. அழகுக்கும் பாக்டீரியாவுக்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பவளக்கல் ஒன்று தருவதாக நண்பர் சொல்கிறார்.

பதில் (குளச்சல்)

இரண்டும் வேண்டாம். உப்பளத்தில் உப்பு விளையும் முன்பே சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி படிந்துவிடுகிறது. மெக்னீசியமோ விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மெக்னீசியமும் உள்ள கடல்நீரைச் சோற்று உப்பால் உருவாக்க முடியாது. டிரம்மில் நீர் தயாராகும்வரை, மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தி, ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல 1.025-க்குக் கொண்டுவாருங்கள்.

பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது; எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் இல்லையென்றாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் அந்தக் கல் கடலில் எத்தனையோ குஞ்சுகளுக்கு வீடு. அடுத்த மீன் வாங்கும்போதும் கடலில் பிடித்ததை விட்டுப் பண்ணையில் பிறந்ததையே கேளுங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருக்கிறது, அதன் மையம் ஒன்று நமக்கு அருகில் விழிஞ்ஞத்திலேயே உள்ளது. ஆனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை புதிதாக ஒரு மீனும் விடாதீர்கள். பஞ்சை அலச நேர்ந்தால், தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.