புதுப்பிப்பு: செதுக்கிய படம் இடம் மாறி வந்த சிக்கல் தீர்ந்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: உலாவியில் சட்டகத்தை இழுத்துப் படத்தைச் செதுக்கினால், சேமிக்கும்போது வேறு பகுதி வெட்டுப்படுகிறது, ஏன் என்று. காரணம் பிடிபட்டுவிட்டது.

திரையில் படம் 600 பிக்சல் அகலம்; உண்மையான கோப்போ 3000. திரையில் அளந்த எண்களை அப்படியே கேன்வாஸின் (உலாவியில் படம் வரையும் பரப்பு) டிராஇமேஜ் கட்டளைக்குக் கொடுத்திருந்தேன். அது மூலப் படத்தின் பிக்சல்களில்தான் கணக்குப் பார்க்கும். கோப்பின் உண்மையான அகலத்தை (நேச்சுரல்விட்த்) திரை அகலத்தால் வகுத்தால் 5 வருகிறது. இடம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அதால் பெருக்கியதும் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு அகலங்களையும் கன்சோலில் (நிரல் தரும் எண்களை உலாவியில் காட்டும் பலகம்) போட்டுப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் அலைச்சல் அந்த ஒரு வரியில் முடிந்தது.

கைபேசியில் சட்டகத்துக்குப் பதில் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தது. மவுஸ் நிகழ்வுகளை விட்டு, மவுஸ், விரல் இரண்டுக்கும் பொதுவான பாயின்டர் நிகழ்வுகளுக்கு மாறி, சட்டகத்தில் விரல் பட்டால் உலாவி பக்கத்தை நகர்த்தாதபடி அதற்கு டச்-ஆக்‌ஷனை 'நன்' என்று வைத்தேன். விரல் வெளியே வழுக்கினாலும் இழுவை அறாமலிருக்க செட்பாயின்டர்கேப்சர். சேமிக்க, படத்தை நேரடியாகக் கோப்புத் தரவாகவே தரும் டுபிளாப்; படத்தை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 என்றால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

மீதி இருப்பது அம்புக்குறி விசைகளால் சட்டகத்தை நகர்த்துவது. மவுஸோ தொடுதிரையோ பயன்படுத்த முடியாதவர்களும் தங்கள் படத்தைத் தாங்களே செதுக்கவேண்டும். அதை முடிக்காமல் வெளியிடமாட்டேன்.