வீல்சேரும் வாக்கருமாக உள்நாட்டுச் சுற்றுலா: எதிலிருந்து திட்டமிடத் தொடங்குவது?

மலைச்சாரல்:

வணக்கம். அம்மாவுக்கு 76 வயது, அப்பாவுக்கு 81. நாட்டுக்குள்ளேயே ஐந்து நாள் பயணம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம், இறங்கியபின் காரில் நான்கு மணி நேரம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். வாக்கர் பிடித்து நடப்பார், படி ஏற முடியாது. அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வலப்பக்கம் பலவீனம். வீல்சேர்தான், ஆனால் ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நின்று நாலடி வைப்பார். "வீல்சேர் வசதி உண்டு" என்று போட்டிருக்கும் ஹோட்டல்கள் நான்கைந்து பார்த்து வைத்திருக்கிறேன். அதை நம்பிப் பணம் கட்டலாமா? விமானத்துக்கும் காருக்கும் முன்கூட்டியே என்ன சொல்லி வைக்க வேண்டும்?

அளவுநாடா:

அந்த ஒரு வரியை நம்பிக் கட்டாதீர்கள். வாசலில் ஒரு சரிவும் உள்ளே ஒரு லிஃப்டும் இருந்தாலே அப்படிப் போட்டுவிடுகிறார்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் பாத்ரூம் கதவில்தான். என்னென்ன பார்க்கப் போகிறோம் என்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் பாத்ரூம் உறுதியாகட்டும்.

அப்பாவின் வீல்சேரை இன்றே அளந்துவிடுங்கள். கையால் தள்ளும் வெளிவளையத்தையும் சேர்த்து அகலம் வழக்கமாக 60 முதல் 68 செ.மீ. வரை இருக்கும். ஹோட்டலில் "கதவு எவ்வளவு அகலம்" என்று கேட்டால் கதவுப் பலகையின் அளவைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அது இல்லை. கதவை முழுக்கத் திறந்தபின் பலகைக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளிதான் வேண்டும். அது பலகையைவிட நான்கைந்து செ.மீ. குறைவாகவே இருக்கும். 80 செ.மீ. என்றால் கவலை இல்லை. 70 என்றால் நேராக வந்தால் நுழையும், குறுகிய நடையிலிருந்து திரும்பி நுழையாது. உள்ளே வீல்சேர் முழு வட்டம் திரும்ப 150 செ.மீ. விட்டம் தேவை.

வாயால் சொல்லும் அளவு வேண்டாம். டேப்பை வைத்துப் பிடித்தபடி படம் கேளுங்கள்: பாத்ரூம் கதவு, அதன் கீழ்ப்படி, இருபக்கச் சுவரும் தெரிகிற மாதிரி கமோடு, ஷவர் தரை, கட்டிலின் உயரம். படம் அனுப்ப மறுக்கும் ஹோட்டலை விட்டுவிடுவதே நல்லது.

இடம் வலம் முக்கியம். அப்பாவுக்கு இடக்கைதான் பலம் என்பதால், கமோடில் உட்கார்ந்தால் கைப்பிடிக் கம்பி அவருடைய இடப்பக்கம் வர வேண்டும். அடுத்தடுத்த அறைகள் பல ஹோட்டல்களில் கண்ணாடிப் பிம்பம்போல மாறி மாறிக் கட்டப்பட்டிருக்கும். 104-இல் இடப்பக்கம் இருக்கிற கம்பி 105-இல் வலப்பக்கம் இருக்கும். அதனால் அறை வகையை அல்ல, அறை எண்ணையே பதிவில் எழுத்தாக வாங்குங்கள்.

கட்டில் உயரம் வீல்சேர் இருக்கையின் உயரத்துக்கு, அதாவது சுமார் 50 செ.மீ.க்கு, அருகில் இருக்கட்டும். தடித்த மெத்தை போட்ட கட்டில் 65 செ.மீ. வரை போகும். விளிம்பில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, சறுக்கி விழுவது அங்கேதான். மேல் மெத்தையை எடுத்துவிட முடியுமா என்று முன்பே கேளுங்கள். தரைத்தளத்தில் அறை கிடைக்காவிட்டால், மின்தடையின்போது லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கூடவருபவர்:

விமானத்தைப் பற்றி. "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. உதவியில் மூன்று வகை உண்டு, உலகம் முழுக்க ஒரே குறியீடு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது, விமானத்துக்குள் இருக்கைவரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ஒன்றும் விளக்காமல் விட்டால் முதலாவதைப் பதிந்துவிடுவார்கள். விமானம் தூரத்தில் நின்று படிக்கட்டு வைத்துவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அம்மாவுக்கு இரண்டாவது, அப்பாவுக்கு மூன்றாவது. நாலடி வைப்பவரை இருக்கைகளுக்கு நடுவிலுள்ள வழியில் இருபதடி நடத்தக் கூடாது. 48 மணி நேரத்துக்கு முன் சொல்லி, பதிவில் அது ஏறியதா என்று பாருங்கள். போகும் பயணத்தில் பதிந்து திரும்பும் பயணத்தில் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

சொந்த வீல்சேரை விமானக் கதவுவரை கொண்டுபோகக் கேளுங்கள். ஒப்படைக்கும்போது மெத்தை, கால்தாங்கி, கழற்றக்கூடிய பக்கத்தட்டு மூன்றையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைவது அவைதான். நாற்காலியை நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். இருக்கைக்கு மாற்றும்போது, வழிப்பக்கக் கைப்பிடி பல விமானங்களில் மேலே தூக்கும். அதன் விசை கீலுக்கு அடியில் மறைவாக இருக்கும். பணியாளரிடம் கேளுங்கள்.

மருந்து எல்லாம் கைப்பையில். இன்சுலினை அடியில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து வீணாகலாம்.

நீள்சாலை:

காரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்பாவின் பலமான பக்கம் இடது, அதனால் உட்காரப்போகும் இருக்கை அவருக்கு இடப்பக்கம் வருவது நல்லது. வீல்சேர் கார் பார்க்கும் திசையிலேயே நின்றால், வலப்புறக் கதவு வழியாகத்தான் அப்படி வரும். ஓட்டுநர் வலப்புறம் உட்காரும் காரில் அது பின்கதவு. பின்னால் கால் நீட்ட இடம் குறைவு, அந்தப் பக்கம் வண்டிகளும் போகும். அதனால் சாலையோரத்தில் ஏற்றாமல் வளாகத்துக்குள் நிறுத்தி ஏற்றுங்கள். முன் இருக்கைதான் வேண்டும் என்றால் பலவீனமான பக்கமாக மாற வேண்டியிருக்கும். புறப்படும் முன் இரண்டையும் ஒருமுறை பழகிப் பாருங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுப்பதுதான் முறை. இருக்கையில் வழுக்கும் பிளாஸ்டிக் பை விரித்தால் திரும்புவது எளிது. ஆனால் வண்டி கிளம்பும் முன் அதை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் உடம்பு முன்னால் வழுக்கும்.

கார் சொல்லும்போது இருக்கையின் உயரத்தைக் கேளுங்கள். பெரிய ஜீப் வகை அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. மிகத் தாழ்ந்த காரிலிருந்து அப்பா எழ முடியாது. எரிவாயு சிலிண்டர் வைத்த காரில் டிக்கி பாதி போய்விடும், மடித்த வீல்சேர் உள்ளே போகாது.

நான்கு மணி நேரப் பயணத்தை ஆறு மணி நேரமாக எண்ணிக்கொள்ளுங்கள். அசையாமல் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கணுக்காலையாவது ஆட்டச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தினால் உட்காரும் கழிவறை உண்டு என்பதை முன்பே விசாரித்துக் குறித்து வையுங்கள். அது தெரியாவிட்டால் வயதானவர்கள் பேசாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் பயண நாளில் எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

மலைச்சாரல்:

மூவருக்கும் நன்றி. ஹோட்டல்களுக்கு எழுதிக் கேட்டதில் ஒன்று மட்டும் எல்லாம் பொருந்துகிறது: கதவு 78 செ.மீ., அறை தரைத்தளம், கம்பி இடப்பக்கம். ஆனால் ஷவருக்குள் போக 10 செ.மீ. உயரத் திண்டு இருக்கிறது. கையில் எடுத்துப்போகும் ராம்ப் வாங்கலாமா? உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி ஒன்றும் கிடைக்கிறதாம்.

அளவுநாடா:

ராம்ப் அங்கே உதவாது. 1-க்கு 12 என்ற சரிவுக் கணக்கில் 10 செ.மீ. உயரத்துக்கு 120 செ.மீ. நீளம் வேண்டும், பாத்ரூமுக்குள் அதை விரித்தால் வீல்சேர் நிற்க இடமிருக்காது. ஈரத்தில் வழுக்கவும் செய்யும். திண்டுக்கு வெளியே தரையில் வடிகால் இருந்தால், ஷவர் நாற்காலியை வெளியிலேயே போட்டு, கைஷவரால் குளிப்பாட்டுங்கள். குழாய் 150 செ.மீ.யாவது இருந்தால்தான் எட்டும். கைஷவர் இல்லையென்றால் வாளியும் குவளையும் போதும். நாற்காலியின் கால்களில் ரப்பர் குமிழ் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியில் உடல் எடையைப் போட்டுத் தொங்கவே கூடாது. சொரசொரப்பான டைலிலோ, இரண்டு டைலுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேலோ காற்று புகுந்து, சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும். துண்டு போடும் கம்பியும் அப்படித்தான், அது ஆள் பிடிப்பதற்காகப் பொருத்தியதல்ல. திரும்பிப் படுக்கைக்கு வரும்போது கட்டில் அப்பாவின் இடப்பக்கம் வர வேண்டும் என்பதால் வீல்சேரைத் திருப்பி நிறுத்த நேரும். கட்டிலின் இரண்டு பக்கமும் 90 செ.மீ. இடம் விட்டு நகர்த்தி வைக்க, நீங்கள் போய்ச் சேரும் முன்பே ஹோட்டலில் சொல்லிவிடுங்கள்.

கூடவருபவர்:

ஒன்று விட்டுப்போனது. முதல் நாளில் எதையும் வைக்காதீர்கள். மற்ற நாட்களில் காலையில் ஒரே இடம், மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்க நேரம். கடற்கரை இருந்தால், சாதாரண வீல்சேரின் முன்சக்கரம் மணலில் புதையும். பின்சக்கரத்தின் மேல் சாய்த்து, பின்னோக்கி இழுத்தால் கொஞ்ச தூரம் போகலாம். அதற்குப் பலமான ஆள் இருவர் வேண்டும்.