புதுப்பிப்பு: நுவரெலியா குளிரில் என் சிவப்புக்காது ஆமை

“சாப்பிடாம தொட்டி அடியிலயே கிடக்குது” என்று போன மாதம் கேட்டிருந்தேனே, இப்போ நல்லாச் சாப்பிடுது! ஹீட்டர் போடச் சொன்ன ஹட்டன் அக்காவுக்குப் பெரிய நன்றி.

இங்கே ராத்திரியில் தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி ஆகிடும். இந்த ஆமைக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வேணும். குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகி, பசியும் போயிடும். கண்ணாடி ஹீட்டரை ஆமை முட்டி உடைக்கும் என்பதால் துளை போட்ட பீவீசீ குழாய்க்குள் வைத்திருக்கிறேன்.

ஜன்னலோர வெயில் போதாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போதாது தம்பி. ஓடு உறுதியாக வேண்டிய, வெயிலில் இருக்கும் யூவீபீ (ஒரு வகை புற ஊதா) கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் ஏறிக் காய ஒரு கல்திட்டு, மேலே யூவீபீ பல்ப். நேற்று மதியம் பின்னங்கால் இரண்டையும் நீட்டி, விரல்களை விரித்து, கழுத்தை முழுசா வெளியே விட்டுப் படுத்திருந்தது. பார்க்கவே மனசு நிறைஞ்சுது.

வாரத்துக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன்.

வளர்க்க முடியாவிட்டால் கிரகரி வாவியில் விடலாம் என்றவருக்கு: தயவுசெய்து வேணாம். இது அமெரிக்க இனம். நம்ம ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். வளர்க்கத் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள்.