பத்து இண்டி விளையாட்டுகள் அடங்கிய தள்ளுபடித் தொகுப்பு: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பாமணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அயல்நாட்டு இணையக் கடை ஒன்று பத்து இண்டி விளையாட்டுகளை (பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்கள் செய்தவை) ஒரே தொகுப்பாக 12 டாலருக்கு விற்கிறது. தனித்தனியே வாங்கினால் 170 டாலருக்கு மேல் ஆகும் என்று விற்பனைப் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பத்தில் இரண்டை நெடுநாளாகவே வாங்க நினைத்திருந்தேன். ஒன்று குகைகளுக்குள் வழி தேடிச் செல்லும் விளையாட்டு. மற்றொன்று பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை கேட்டுக்கொண்டிருக்கும் பண்ணை விளையாட்டு. இவை தவிர ஒரு புதிர் விளையாட்டின் முன்னோட்டக் காணொளியும் பிடித்திருந்தது. மீதி ஏழின் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எல்லாவற்றுக்கும் ஸ்டீம் கீ, அதாவது ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு இணையக் கடையில் பதிந்துகொள்ளும் குறியீடு, தருவார்களாம்.

எங்கள் வீடு மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஃபைபர் இணைப்பு இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதால், கைப்பேசியில் நாளொன்றுக்குக் கிடைக்கும் 2 ஜிபி டேட்டாவைத்தான் ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினிக்கும் பயன்படுத்துகிறோம். மடிக்கணினியில் 4 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. சலுகை முடிய இன்னும் சில நாள்களே இருக்கின்றன. தள்ளுபடியைப் பார்த்து ஆசைப்படுகிறேனா, உண்மையிலேயே விளையாடுவேனா என்று எனக்கே தெளிவாகவில்லை. அனுபவமுள்ளவர்கள் எப்படிக் கணக்குப் போடுவீர்கள்?

அரசலாறு:

தம்பி, அந்த 170 டாலரை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அமெரிக்கக் கடையின் முழு விலைகளைக் கூட்டி எழுதிய தொகை. ஆடி மாதத்தில் துணிக்கடைக்காரர் அட்டையில் ஒரு விலையை எழுதி அதன் மேல் கோடு போட்டு வைப்பதைப் போன்றதுதான் இதுவும். ஸ்டீம் 2015ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் ரூபாயில் விற்கிறது; பல விளையாட்டுகளுக்கு இங்கே வைக்கப்படும் விலை, டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றினால் வருவதைவிட மிகவும் குறைவு. ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதன் விலை 14.99 டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 1,300 ரூபாயைத் தாண்ட வேண்டும், ஆனால் இந்தியக் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. தள்ளுபடிக் காலத்தில் இதுவும் குறையும். ஆகவே நம் ஊர்க்காரருக்கு அந்த 170 டாலர் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

அடுத்து, 12 டாலர் என்பது உங்கள் கணக்கிலிருந்து எவ்வளவாகக் கழியும் என்று பாருங்கள். அதே மாற்று விகிதத்தில் 1,080 ரூபாய். அயல்நாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு உங்கள் வங்கி 3.5 விழுக்காடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் கட்டணத்தின் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு சேர்ந்து ஏறத்தாழ 1,125 ரூபாய் வந்துவிடும். இது போக, அயல்நாட்டு இணையச் சேவைகளை இந்தியாவில் விற்பதற்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. கடை அதை விலைக்குள்ளேயே அடக்கியிருக்கிறதா, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில்தான் சேர்க்கிறதா என்பதை அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். கார்டில் அயல்நாட்டுப் பரிமாற்றத்தை நாமே முடுக்கிவிட வேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது நீங்கள் விரும்பும் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் இந்தியாவில் இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலையை, ஸ்டீமின் பழைய விலைகளைக் காட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் பார்த்துக் கூட்டுங்கள். பெயரே தெரியாத ஏழுக்கும் பூஜ்யம் போடுங்கள். கூட்டுத்தொகை 1,125க்கு மேலே இருந்தால் வாங்கலாம். கீழே இருந்தால் ஸ்டீமின் அடுத்த தள்ளுபடி வரை பொறுத்திருங்கள். கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில் தொடங்கும், குளிர்காலத் தள்ளுபடி டிசம்பரில் வரும்; அப்போது யுபிஐ வழியாக ரூபாயிலேயே செலுத்தலாம், வங்கிக்குத் தனியாக எதுவும் அழ வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீமில் நேரடியாக வாங்கிய விளையாட்டை, வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஸ்டீமே விற்கும் தொகுப்புக்கும் அந்த விதி பொருந்தும். ஆனால் தொகுப்பிலுள்ள எல்லா விளையாட்டுகளிலும் செலவிட்ட நேரத்தைச் சேர்த்தே இரண்டு மணிக் கணக்கு. வெளிக்கடையில் வாங்கிய கீயை ஸ்டீமில் பதிந்துவிட்டீர்கள் என்றால் ஸ்டீம் அதற்குப் பணம் தராது; அந்தக் கடையின் விதிதான் பேசும். உங்கள் மடிக்கணினியில் ஓடுமா என்ற ஐயம் இருக்கும்போது, இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சற்றுக் கூடுதல் விலை கொடுத்து ஸ்டீமில் வாங்குவதை நான் தேர்ந்தெடுப்பேன்.

ஓடம்போக்கி:

அண்ணன் விலையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம் பக்கத்தில் விலைக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த விளையாட்டு வீடு வந்து சேருமா, சேர்ந்தாலும் ஓடுமா என்பதுதான். புள்ளி புள்ளியாக வரைந்த படங்களைப் பார்த்ததும் இலகுவான விளையாட்டு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பழைய பாணியில் தோன்றும் சில விளையாட்டுகள் ஒளியும் நிழலும் கூட்டி 8 ஜிபி ரேம் கேட்கின்றன. பத்து விளையாட்டுகளின் ஸ்டீம் பக்கங்களையும் திறந்து, கீழே குறைந்தபட்சத் தேவை என்ற பகுதியில் ரேம், கிராஃபிக்ஸ், வட்டில் தேவைப்படும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்டியூ வேலிக்கு 500 எம்பி இடம் போதும். ஹாலோ நைட் என்ற விளையாட்டு 9 ஜிபி கேட்கிறது. உங்கள் 2 ஜிபி கணக்கில் முதலாவது ஒரு மாலைப் பொழுதில் இறங்கிவிடும்; இரண்டாவதற்கு நாள்தோறும் முழு டேட்டாவையும் கொடுத்தாலும் ஐந்து நாள்கள் ஆகலாம், அதுவரை தங்கை பாடக் காணொளி எதையும் பார்க்க முடியாது.

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஸ்டீம் ஆதரவு தருவதில்லை. பழைய மடிக்கணினி என்றால் இதை முதலில் பாருங்கள். இதில் தட்டினால் மற்ற கணக்குகள் எல்லாம் வீண்.

இறக்குவதற்கு ஒரு வழி உண்டு. திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது மடிக்கணினியைக் கொண்டுபோய் இறக்கிக்கொள்ளலாம். அல்லது அங்கே இருப்பவரிடம் அதே விளையாட்டு இருந்தால், ஸ்டீமில் உள்ள பேக்கப் வசதியால் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துவந்து வீட்டில் நிறுவலாம். பிறகு புதுப்பிப்பு தானாக இறங்காதபடி அமைப்பை மாற்றி வையுங்கள்; இல்லையென்றால் காலையில் எழும்போது அன்றைய டேட்டா முடிந்திருக்கும்.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது மின்சாரமும் சிக்னலும் எத்தனை நாள் இல்லாமல் போயின என்பது உங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணையம் போய்ப் போய் வரும் ஊருக்கு, ஜிஓஜி, இட்ச்.ஐஓ போன்ற கடைகளில் பூட்டில்லாத நிறுவல் கோப்பாகவே கிடைக்கும் விளையாட்டுகள் பொருத்தமானவை. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் நுழையாமல் ஆடலாம். ஸ்டீமிலும் ஆஃப்லைன் முறை இருக்கிறது, ஆனால் இணையம் இருக்கும்போதே ஒரு தடவை நுழைந்து விளையாட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைமடை:

தெரியாத ஏழுக்கும் பூஜ்யம் போடச் சொல்லும் கணக்கை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. இந்த வகைத் தொகுப்பு பிறந்ததே தெரியாததை மக்களிடம் கொண்டுசேர்ப்பதற்காகத்தான். 2010இல் வந்த முதல் ஹம்பிள் இண்டி பண்டிலில் வேர்ல்டு ஆஃப் கூ, அக்குவேரியா போன்றவை இருந்தன. கொடுக்க விரும்பும் விலையை வாங்குபவரே முடிவு செய்தார், தொகையில் ஒரு பங்கு அறப்பணிக்குப் போனது. பெரிய விளம்பரம் செய்ய வசதியில்லாத இரண்டு மூன்று பேர் செய்த விளையாட்டுகள் அப்படித்தான் பலருக்கு அறிமுகமாயின. நாமாகத் தேடியிருந்தால் ஒருபோதும் தொட்டிருக்காத ஒன்று பிடித்துப்போவது, வாங்கும் முன் எந்த அட்டவணையிலும் போட முடியாத வரவு.

அதே வேளையில், எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. இட்ச்.ஐஓ 2020 ஜூனில் இனநீதிக்காக ஒரு தொகுப்பை 5 டாலருக்கு வெளியிட்டது; அதில் 1,700க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன, 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அது நன்கொடையாகக் கருதி வாங்க வேண்டிய தொகுப்பு. 1,700ஐயும் ஆடி முடிப்பதற்காக யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். உங்கள் 12 டாலரில் விளையாட்டுகளைச் செய்தவர்களுக்கு எவ்வளவு போகிறது, அறப்பணிக்கு எவ்வளவு போகிறது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதுவும் ஒரு காரணம்தான்.

ஏழிலும் எத்தனைக்கு இலவச டெமோ இருக்கிறது என்று ஸ்டீமில் தேடிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆடினால் பூஜ்யமா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நீளத்தை வைத்து எடைபோடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் வெண்பா என்ற விளையாட்டு 2023இல் வந்தது. ஒரே மாலையில் முடிந்துவிடும் அளவுக்குச் சிறியது, 2024இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றது. மணிக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கில் அது தோற்றுப்போகும்.

பாமணி:

மூவருக்கும் நன்றி. விண்டோஸ் 10, 64 பிட் என்பதால் அதில் சிக்கலில்லை. மூன்று விளையாட்டுகளின் பழைய விலைகளைக் கூட்டினால் 900 ரூபாய்க்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது. அதிலும் குகை விளையாட்டு 8 ஜிபி ரேம் கேட்கிறது, ஆகவே அது இந்த மடிக்கணினிக்கு ஆகாது. ஏழில் இரண்டுக்கு டெமோ இருக்கிறது. அட்டைகளை அடுக்கி ஆடும் ஒன்று மிகவும் பிடித்திருந்தது, மற்றொன்றைப் பத்து நிமிடத்தில் மூடிவிட்டேன். எனவே தொகுப்பை விட்டுவிட்டு, பண்ணை, புதிர், அட்டை ஆகிய மூன்றையும் ஸ்டீமில் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறேன். நான் வாங்குவதைத் தங்கையும் அவள் பெயரிலேயே ஆட வழி உண்டா? என் கணக்கின் கடவுச்சொல்லை அவளிடம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

ஓடம்போக்கி:

கொடுக்க வேண்டாம். ஸ்டீம் ஃபேமிலிஸ் என்ற வசதி 2024 முதல் இருக்கிறது. ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு பேர் வரை சேரலாம். அவளுக்குத் தனிக் கணக்கு தொடங்கிச் சேர்த்துவிட்டால் உங்கள் விளையாட்டுகள் அவளுக்கும் தெரியும், அவள் எதுவரை ஆடினாள் என்பது அவள் கணக்கிலேயே சேமிக்கப்படும். ஒரே விளையாட்டை இருவரும் ஒரே நேரத்தில் ஆட இரண்டு பிரதிகள் வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் விளையாட்டைப் பகிர அனுமதிப்பதில்லை, ஆகவே வாங்கும் முன் விற்பனைப் பக்கத்தின் வலப்புறத்தில் ஃபேமிலி ஷேரிங் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.