புதுப்பிப்பு: விலை குறைந்த வெட்ஜ், கடைசியில் எதை வாங்கினேன்

நாகர்கோவிலில் இருந்து எப்போதாவது திருவனந்தபுரம் போய் கோல்ஃப் ஆடுகிற, ஹேண்டிகேப் 30-ஐ ஒட்டிய (எண் கூடக்கூட ஆட்டம் சுமார் என்று அர்த்தம்) எனக்கு எந்த வெட்ஜ் (கிட்டத்தில் இருந்து பந்தை உயரத் தூக்கி அடிக்கும் மட்டை) சரிப்படும் என்று முன்பு கேட்டிருந்தேன். முகப்பின் சாய்வு 52, 56, 60 டிகிரி என மூன்றையும் வாங்கச் சொன்னவர்களே அதிகம். நான் வாங்கியது ஒன்றுதான்: செகண்ட் ஹேண்ட் கிளீவ்லேண்ட் சிபிஎக்ஸ், 56 டிகிரி. பின்பக்கம் குடைந்த தலை என்பதால் பந்து நடுவில் படாவிட்டாலும் ஓரளவு போய்ச் சேர்கிறது.

லாஃப்டை, அதாவது அந்த முகப்புச் சாய்வை விட, பவுன்ஸைத்தான் (தலையின் அடிப்பாகம் தரையோடு சேரும் கோணம்) பார்த்தேன். அது 10 டிகிரிக்கு மேல் இருந்தால் அடிப்பாகம் மண்ணில் குத்தி நிற்காமல் வழுக்கிப் போகும். பந்தைத் தொடும் முன்பே தரையைக் கிளறுகிற ஆள் நான். போதாததற்கு வீட்டுத் தென்னந்தோப்பில்தான் சிப்பிங் (கிட்டத்தில் இருந்து பந்தை மெல்லத் தட்டிவிடும்) பயிற்சி. நம் மாவட்டத்திலோ இரண்டு பருவமழையும் உண்டு, தரை சொதசொதவென்று கிடக்கும்.

என்னிடம் உள்ள பிட்சிங் வெட்ஜ் (சாய்வு குறைந்த, பந்தைக் கூடுதல் தூரம் அனுப்பும் வெட்ஜ்) 45 டிகிரி, நடுவில் 11 டிகிரி இடைவெளி விழுமே, இடைப்பட்ட தூரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நியாயம்தான். பிட்சிங் வெட்ஜைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து அடித்து ஒப்பேற்றுகிறேன்.

பழையது வாங்குபவர்கள் முகப்புப் பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்காமல் வழுக்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம், 60 டிகிரி கேட்ட தம்பிக்கு: இப்போதைக்கு வேண்டாம் மக்கா.