பெயரடைவு வழங்கியும் பொதுக் கிட்டங்கியும்

கலைச்சொற்களைப் பற்றி என்னோடு உரையாடிவரும் அன்புடையீர், வணக்கம்.

மண்டபத்தில் நாங்கள் நடத்தும் கணினி வகுப்பின் ஆய்வகப் பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உப்புக்காற்றில் வட்டின் இணைப்பு முனைகள் களிம்பேறிவிட்டதால், மாணவர்களின் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய ஓப்பன்எல்டாப் (OpenLDAP) வழங்கியை, அதாவது சர்வரை, வேறோர் அறையிலுள்ள என்எஃப்எஸ் (NFS, பிணையம் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சேமிப்புக்கு மாற்ற நினைத்தோம். அதுவே பாடத்தின் பொருள். வரைவில் ‘டைரக்டரி’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் ‘அடைவு’ என்று எழுதியிருந்தேன். ‘அடைவைப் பகிர்வு அடைவுக்கு மாற்றுக’ என்ற வரியைப் படித்த மாணவர் ஒருவர், வழங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுக் கோப்புகளை அப்படியே அங்கே நகலெடுத்து, அங்கிருந்தே இயக்கிவிட்டார். மறுநாள் காலை ஒருவராலும் உள்நுழைய முடியவில்லை. குற்றம் அவருடையதன்று, என் சொல்லுடையது.

கோப்புகள் அடங்கும் அடைவு வேறு, ஆட்களின் விவரம் அடங்கும் டைரக்டரி வேறு என்பதைச் சொல்லே காட்டிவிட வேண்டும். தொண்டி நண்பர் தந்த ‘பேரேடு’ அழகிய சொல். அது பெருமை + ஏடா, பேர் + ஏடா என்று நாம் நெடுநேரம் வாதாடினோம். பெருமை + ஏடு என்ற பண்புத்தொகை என்பதே என் துணிபு. ஆனால் கணக்குப்பதிவியல் படித்த எவருக்கும் பேரேடு என்றால் லெட்ஜர் என்ற கணக்கேடுதான். கீழக்கரை ஐயா பரிந்துரைத்த ‘நிகண்டு’ என்னை இரண்டு நாள் ஆட்கொண்டது. பழைய சொற்பொருள் நூலான நிகண்டுகளில் ஒன்றாகிய திவாகரம் மக்கட்பெயர்த் தொகுதி, இடப்பெயர்த் தொகுதி எனப் பகுத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது, விவரங்களை மரம்போலக் கிளை கிளையாக அடுக்கும் எல்டாப் முறையே கண்முன் வருகிறது. எனினும், நிகண்டு என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகளுக்கு முதலில் அதை விளக்கி, பிறகு வழங்கியை விளக்க நேரமில்லை. சங்க நூற்பதிப்புகளின் இறுதியில் வரும் சொல்லடைவைப் போலப் ‘பெயரடைவு’ என்றால், கேட்டவுடன் விளங்குகிறது. பெரும்பான்மையோரும் இதற்கு இசைந்துள்ளீர்கள்.

சொல் பிரிந்ததும் பாடமும் திருந்தியது. ஓப்பன்எல்டாப் பயன்படுத்தும் எல்எம்டிபி (LMDB) என்ற தரவுத்தளம், தன் கோப்பை நினைவகத்தோடு நேரடியாகப் பொருத்திக்கொண்டு, ஒரே நேரத்தில் பலர் மாற்றிக் குழப்பாமல் காக்கும் பூட்டுகளை நம்பி இயங்குவது. தொலைக் கோப்பு முறைமையில் அதை வைக்கக் கூடாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆகவே இயங்கும் தரவுத்தளம் உள்ளூர் வட்டிலேயே, களிம்பேறாத புதிய வட்டில், இருக்கும். ஸ்லாப்கேட் (slapcat) என்ற கட்டளை எடுத்துத் தரும் எல்டிஃப் (LDIF) என்ற உரைவடிவ நகலும் பயனர்களின் அடைவுகளும் மட்டும் பொதுச் சேமிப்புக்குப் போகும்.

அந்தப் பொதுச் சேமிப்புக்கான சொல்லில்தான் நான் உடன்படவில்லை. பெரும்பான்மையோர் விரும்பும் ‘பிணையப் பகிர்வுச் சேமிப்பகம்’ பிழையற்றதே. ஆயினும் மாணவர் வாயில் அது நிற்பதில்லை. நம் கரையில் பலர் சரக்கையும் ஓரிடத்தில் அடுக்கி வைக்கும் இடம் கிட்டங்கி. ‘கிடங்கு’ சங்க நூல்களில் அகழியைக் குறிப்பதால் கிட்டங்கி தூய்மையற்றது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று கிடங்கு என்று கேட்டு எவரும் அகழியை நினைப்பதில்லை. வெளியூர் மாணவருக்குப் புரியாது என்ற மறுப்பு மட்டுமே வலுவானது.

அச்சில் பெரும்பான்மையின் சொல்லே இடம்பெறும். கரும்பலகையில் நான் கிட்டங்கி என்றே எழுதுவேன்.