உறைமோர்க் கிருமிக்கு ஞாபகம் உண்டா?

பிறைவாசி:
வணக்கம். பினாங்கில், பிறையில் இருக்கிறேன். மகள் எஸ்டிபிஎம் உயிரியல் படிக்கிறாள். நேற்று ராத்திரி நான் பாலுக்கு உறை ஊற்றும்போது, "அம்மா, இந்தப் பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். பிழைத்தது அந்த வைரஸை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதன் பிள்ளைகளுக்கும் ஞாபகம் இருக்கும்" என்றாள். எனக்குச் சின்னம்மை வந்துபோன பிறகு பிறந்தவள்தான் இவள். இவளுக்கும் அது வந்ததே! ஒற்றைச் செல்லுக்கு மட்டும் எப்படி?

செந்தூல் மாமா:
மகள் சொன்னது சரிதான் அம்மா. கோலாலம்பூரில் பால்பொருள் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் ராத்திரி உறை விட்ட தொட்டி காலையில் வெறும் பாலாகவே கிடந்தது. ஃபேஜ் என்னும் வைரஸ் கிருமிக்குள் புகுந்து, பெருகி, உடைத்துவிட்டிருந்தது. அத்தனையையும் கொட்டினோம். வயிறு எரிந்தது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் எதிர்ப்புச் சக்தி சில மாதத்தில் கரைந்துவிடும், மரபணுவில் ஏறாது. பாக்டீரியாவோ ஃபேஜின் டிஎன்ஏவில் சுமார் 30 எழுத்து நீளத் துண்டை எடுத்து, தன் டிஎன்ஏவில் கிரிஸ்பர் என்ற வரிசைக்குள் செருகிக்கொள்ளும். செல் இரண்டாகும்போது துண்டும் கூடவே நகலாகும். அதே ஃபேஜ் திரும்ப வந்தால், அந்தத் துண்டின் ஆர்என்ஏ நகல் வழிகாட்ட, காஸ் புரதம் வெட்டிப்போடும். புதுத் துண்டு பெரும்பாலும் வரிசையின் ஒரே முனையில் சேருவதால், அந்தக் குலம் எந்த ஃபேஜை முன்னே பார்த்தது, எதைப் பின்னே பார்த்தது என்றுகூட ஓரளவு படிக்கலாம். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் விஷயம் இது.

2007இல் டனிஸ்கோ நிறுவனத்தின் பாரங்கூ, ஹோர்வாத் குழு இதைச் சோதித்துக் காட்டியதும் தயிர்க் கிருமியில்தான்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ்.

உயிரியல் டீச்சர்:
இன்னொரு காவலும் உண்டு. பொட்டு வைத்தாற்போல் தன் டிஎன்ஏவில் மெத்தில் குறி போட்டுக்கொண்டு, குறி இல்லாத டிஎன்ஏவை வெட்டும் நொதி. 1978 நோபல் அதற்குத்தான். ஆனால் அதற்கு ஞாபகம் கிடையாது, யார் வந்தாலும் ஒரே வெட்டு.

பிறைவாசி:
மகள் கேட்கிறாள்: அதே துண்டு கிருமியின் டிஎன்ஏவிலும் இருக்கிறதே, தன்னையே வெட்டிக்கொள்ளாதா?

செந்தூல் மாமா:
அருமையான கேள்வி! ஃபேஜில் அந்தத் துண்டை ஒட்டிச் சில எழுத்துகள் அடையாளமாக இருக்கும். கிரிஸ்பர் வரிசையில் அவை இருக்காது. தயிர்க் கிருமியின் காஸ் அந்த அடையாளம் இருந்தால்தான் வெட்டும். ஃபேஜும் லேசில் விடாது. அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே தப்பிவிடலாம். அதனால்தான் நாங்கள் ஒரே உறையை நம்பாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி விடுவோம்.